திங்கட்கிழமையை எங்கே வைப்பது? ஓர் இத்தாலித் தேனிலவுத் திட்டம் கவிழ்ந்து எழுந்த கதை

என் தங்கச்சிக்கு 2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை கல்யாணம். நாகர்கோவில் பக்கத்தில் எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில். தேனிலவுக்கு இத்தாலி என்று மாப்பிள்ளை ஜூன் மாதமே முடிவு செய்துவிட்டார். செப்டம்பர் 30 போய் இறங்கி அக்டோபர் 10 கிளம்புவதாக ஏற்பாடு. இதில் எனக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் தட்கல் டிக்கெட் போடுகிற ஆள் நான்தான், அந்தப் பெயர் சம்பந்தி வீடு வரைக்கும் போயிருக்கிறது. ஜூலை மூன்றாவது வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டார். "மச்சான், ஹோட்டல் எல்லாம் போட்டாச்சு. இனி பார்க்கிற இடத்துக்கு டிக்கெட் மட்டும்தான். நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

ஒரு எக்செல் அனுப்பினார். ஊருக்கு ஒரு நிறம், நாளுக்கு ஒரு வரி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 3 வரை ரோம், 3 முதல் 6 வரை ஃப்ளோரன்ஸ், 6 முதல் 10 வரை வெனிஸ். பக்கத்தில் காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கால் மணி நேரத்தில் மூன்று ஓட்டை தெரிந்தது.

முதல் ஓட்டை அக்டோபர் 5, ஞாயிறு. அன்றைக்கு உஃபிஸி அருங்காட்சியகம் என்று போட்டிருந்தார். இத்தாலியில் மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இலவசம் என்றால் முன்பதிவும் கிடையாது, வரிசையில் நின்றுதான் போக வேண்டும், அந்த வரிசையில் ஊரே நிற்கும். இரண்டாவது, மறுநாள் திங்கள் காலை அகாடெமியா, அதாவது மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கிற இடம். திங்கட்கிழமை அகாடெமியாவும் மூடல், உஃபிஸியும் மூடல். ஆக, ஃப்ளோரன்ஸில் மூன்று இரவு தங்கி, அந்த ஊருக்கு எதற்காகப் போகிறார்களோ அந்த இரண்டையும் பார்க்காமல் வந்திருப்பார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. அக்டோபர் 1, புதன். அன்றைக்குக் காலை வத்திக்கான், மாலை கொலோசியம். முந்தின நாள்தான் விமானத்தில் இருந்து இறங்குகிறார்கள். புதன் காலையில் புனித பேதுரு சதுக்கத்தில் மறைக்கல்வி உரை, அதாவது திருத்தந்தை (போப்) மக்களைச் சந்தித்துப் பேசும் நிகழ்ச்சி, நடக்கும்போது பேராலயத்துக்குள் சுற்றுலாப் பயணிகளை விட மாட்டார்கள். அது போகட்டும், அந்த மறைக்கல்வி உரைக்குப் போவதுதான் என் தங்கச்சிக்கு இந்தப் பயணத்திலேயே முக்கியமான ஆசை. கல்யாணமான புதிதில் கோயில் திருமணச் சான்றிதழோடு, கல்யாண உடையில் வருகிற தம்பதிகளுக்கு அங்கே தனி இடம் உண்டு. கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எக்செலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "அது அவ சும்மா சொன்னான்னு நினைச்சேன் மச்சான்" என்றார். கல்யாணத்துக்கு முன்னாலேயே இந்தப் பதில்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால் குற்றம் மாப்பிள்ளை மேல் மட்டும் இல்லை. ஐரோப்பாவுக்குப் போக எடுக்கிற ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடம் காட்ட வேண்டும். அதனால் நம் ஆட்கள் எல்லோரும் ஹோட்டலில் இருந்துதான் தொடங்குகிறோம். ஹோட்டல் போட்ட தேதிக்குள் ஊரை அடைத்து, ஊருக்குள் இடத்தை அடைத்து, கடைசியில் டிக்கெட் தேடுகிறோம். நடக்க வேண்டியது இதற்கு நேர் எதிர். எது நகராதோ அதை முதலில் நட வேண்டும். திருத்தந்தை நமக்காகப் புதனை வியாழனாக மாற்ற மாட்டார், அகாடெமியா நமக்காகத் திங்கட்கிழமை கதவைத் திறக்காது. ஹோட்டல் மட்டும்தான் நகரும், அதுவும் ரத்து செய்தால் பணம் பிடிக்காத அறையாகப் போட்டிருந்தால்.

நல்லவேளை, விசாவுக்கு இன்னும் கொடுத்திருக்கவில்லை. விமானமும் ரோமில் இறங்கி வெனிஸில் ஏறுவதாகப் பேச்சுதான், பணம் கட்டவில்லை. ஃப்ளோரன்ஸ் ஹோட்டல் ஒன்றுதான் பணம் திரும்பாத வகை. அதைத் தொடாமல், இரு முனையையும் திருப்பிப் போட்டோம். வெனிஸில் இறங்குவது, நடுவில் அதே தேதிகளில் ஃப்ளோரன்ஸ், கடைசியில் ரோம். இப்போது மறைக்கல்வி உரை அக்டோபர் 8, புதன். கல்யாணமாகி சரியாக ஒரு மாதம். அதற்குள் தூக்கக் கலக்கம் எல்லாம் தெளிந்திருக்கும், விமானம் தாமதமானாலும் கவலை இல்லை. ஃப்ளோரன்ஸில் சனிக்கிழமை காலை உஃபிஸி, பிற்பகல் அகாடெமியா. இரண்டையும் ஒரே நாளில் வைக்கலாம், அகாடெமியா சின்ன இடம். ஞாயிறு கூட்டத்துக்குத் தப்பி பீசா. அங்கே சாய்ந்த கோபுரம் அரசு அருங்காட்சியகக் கணக்கில் வராது, இலவச ஞாயிறு அதைத் தொடாது, நேரம் குறித்த டிக்கெட் எடுத்துவிட்டால் போதும். திங்கட்கிழமையை என்ன செய்வது? ரயிலில் வைத்துவிட்டோம். எது மூடியிருந்தால் என்ன, ஃப்ளோரன்ஸில் இருந்து ரோமுக்கு ஒன்றரை மணி நேரம், பெட்டியைப் போட்டுவிட்டு பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், த்ரேவி நீரூற்று என்று நடக்கிற நாள்.

பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ டிக்கெட் வந்துவிட்டது. சும்மா உள்ளே போகலாம் என்று பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் வாசலில் நின்று முழிப்பார்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு பூதம். உஃபிஸிக்கு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் "ஏற்கெனவே எடுத்தாச்சு" என்றார் மாப்பிள்ளை. முதல் ஞாயிறுக்கு முன்பதிவே இல்லையே, எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டு மெயிலை வாங்கிப் பார்த்தேன். அருங்காட்சியகத்தின் பெயரையே வைத்து, அதே மாதிரி முகப்போடு ஒரு தளம். ஆளுக்கு 62 யூரோ. அரசு விலை 25, முன்பதிவுக்கு 4, மொத்தம் 29. மெயிலில் வந்திருந்தது டிக்கெட்டே அல்ல, ஒரு ரசீது. "நுழைவு நேரம் மாற்றத்துக்கு உட்பட்டது" என்று அடியில் பொடி எழுத்து. இலவச நாளுக்கு 62 யூரோவுக்கு என்ன விற்றார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பதினோரு மெயில் போட்டு பாதிப் பணம் திரும்பி வந்தது.

இது ஏதோ நாம் ஏமாளியாக இருப்பதால் மட்டும் நடப்பதில்லை. கொலோசியம் டிக்கெட்டுகள் தானியங்கி நிரல்களால் அள்ளப்பட்டு, சாதாரண ஆட்களுக்குக் கிடைக்காமல் போனதற்காக, அதுவரை டிக்கெட் விற்பனையை நடத்திய நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து இத்தாலியின் போட்டி ஆணையம் 2025 ஏப்ரலில் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது. அப்படியென்றால் அந்த ஊர் சந்தை எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை விளம்பரங்கள், அதிகாரப்பூர்வத் தளம் நாலைந்து வரிக்குக் கீழே கிடக்கும்.

சரி, பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு ஆட்களுக்கே உரிய தலைவலி இது. 2023 அக்டோபரில் இருந்து கொலோசியம் டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் வேண்டும், வாசலில் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்க்கலாம். படிவத்தில் இரண்டு கட்டம்: பெயர், குடும்பப் பெயர். தங்கச்சி பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, பிரச்சினை இல்லை. மாப்பிள்ளை பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி! ஞானஸ்நானப் பெயர், கூப்பிடும் பெயர், அப்பா பெயர் மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெயர் இல்லாமல் இணையதளம் அடுத்த பக்கத்துக்கே போகாது. இன்ஷியலைப் போட்டால் ஏற்காது, ஒற்றை எழுத்து. கடைசியில் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே பிரித்து, முதல் இரண்டைப் பெயராகவும் கடைசியைக் குடும்பப் பெயராகவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போட்டோம். விமானத்துக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, அருங்காட்சியகத்துக்கு ஒன்று என்று மாற்றிப் போட்டிருந்தால்தான் சிக்கல். எங்கள் அத்தை ஒருத்தி கல்யாணத்துக்கு முன்னாலேயே தங்கச்சி பாஸ்போர்ட்டில் மாப்பிள்ளை பெயரைச் சேர்த்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேண்டவே வேண்டாம், போய்விட்டு வந்து சாவகாசமாகச் செய்துகொள்ளலாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

டிக்கெட் எப்போது திறக்கும் என்பதிலும் ஒவ்வொரு இடத்துக்கு ஒரு கணக்கு. வத்திக்கான் அருங்காட்சியகம் 60 நாளுக்கு முன், கொலோசியம் 30 நாளுக்கு முன். அக்டோபர் 9 வியாழன் வத்திக்கானுக்கு ஆகஸ்ட் 10 அன்று எடுத்தேன், காலை 8 மணி நுழைவு, ஆளுக்கு 20 யூரோ, இணையத்தில் எடுப்பதற்கு 5. அப்போது விசா கையில் இல்லை. பணம் திரும்பாது. யூரோ 100 ரூபாயைத் தாண்டியிருந்த நேரம், இரண்டு பேருக்கு 50 யூரோ, ஐயாயிரத்துச் சொச்சம். விசா வராவிட்டால் இந்த ஐயாயிரமா நம் கவலையாக இருக்கும் என்று அப்பா கேட்டார். அதுவும் சரிதான்.

கட்டணம் செலுத்துகிற இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை நாமாகப் போய்த் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். அதைத் திறக்காமல் பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பி முடித்து, பணம் கட்டும்போது மறுக்கப்பட்டு, செயலியைத் திறந்து அமைப்பை மாற்றிவிட்டு வருவதற்குள் கூடையில் இருந்த டிக்கெட் போய்விடும். எனக்கு முதல் முறை அப்படித்தான் போனது.

கொலோசியம் அக்டோபர் 7, செவ்வாய். முப்பது நாள் பின்னால் எண்ணினால் செப்டம்பர் 7, ஞாயிறு. கல்யாணத்துக்கு முந்தின நாள்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் காய்கறி வெட்டு. பந்தலுக்குக் கீழே தார்ப்பாயை விரித்து, ஊர் ஆண்கள் அரிவாள்மனையும் கத்தியுமாக உட்கார்ந்து மறுநாள் அவியலுக்கும் சாம்பாருக்கும் வெட்டித் தள்ளுவார்கள். அது ராத்திரிதான் களை கட்டும் என்றாலும் மத்தியானமே பூசணிக்காயும் சேனையும் வந்து இறங்கிவிட்டது. ரோம் அப்போது நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலையில் கடை திறந்தால் இங்கே சாப்பாட்டு வேளை. நான் பந்தலில் ஒரு மூலையில், பந்தல்காரர் ஒலிபெருக்கிக்கு எடுத்திருந்த மின்சாரத்தில் மடிக்கணினியைச் செருகி, மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சித்தப்பா வந்து, "லேய், பொண்ணுக்க அண்ணன் இங்க இருந்து கம்ப்யூட்டர் பாக்கியா? வாழையில எண்ணியாச்சா?" என்றார். எண்ணப் போனேன். திரும்பி வருவதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நாங்கள் ஆசைப்பட்ட நிலத்தடி அறைகளுக்கான டிக்கெட், 24 யூரோ வகை, காலை நேரம் அத்தனையும் போய்விட்டது. சாதாரண வகை, 18 யூரோ, கொலோசியம், ரோமன் ஃபோரம், பாலத்தீன் குன்று மூன்றுக்கும் சேர்த்தது, காலை நேரம் கிடைத்தது. எடுத்துவிட்டேன். சேனைக்கிழங்கு வெட்டிய கையோடு தட்டச்சு செய்ததில் விரல் இடுக்கெல்லாம் அரிப்பு.

வெனிஸில் பழைய ஆட்சியாளர்கள் இருந்த டோஜே மாளிகைக்கு 30 நாளுக்கு முன் எடுத்தால் 2025-ல் 30 யூரோ டிக்கெட் 25 ஆனது. அதை ஆகஸ்ட் கடைசியிலேயே எடுத்தாகிவிட்டது. எதை எடுக்கவில்லை என்பதும் சொல்ல வேண்டும். கோண்டோலா படகுக்கு முன்பதிவு வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நகராட்சி வைத்த விலை பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. படகுக்குத்தான் விலை, ஆளுக்கு அல்ல. போய் நின்று ஏறினாலும் அதே விலை, மழை பெய்தால் ஏறாமல் இருந்துகொள்ளலாம். பீசாவுக்குப் போகும் உள்ளூர் ரயிலும் அப்படித்தான், இருக்கை எண்ணே கிடையாது, அன்றைக்கு எடுத்தால் போதும். வெனிஸுக்குள் நுழைவதற்கே கட்டணம் என்று மாப்பிள்ளை பயந்திருந்தார். அது 2025-ல் ஏப்ரல் 18 முதல் ஜூலை 27-க்குள் வந்த 54 நாட்களுக்கு, அதுவும் பகலில் வந்து போகிறவர்களுக்கு. அக்டோபரில் இல்லை. ஃப்ளோரன்ஸ் பேராலயக் குவிமாடம் ஏறுவதை நானே எழுதி நானே அடித்தேன்: 463 படி, மின்தூக்கி கிடையாது, தங்கச்சிக்குக் குறுகலான படிக்கட்டு என்றாலே மூச்சு முட்டும்.

இன்னொரு விதியும் வைத்தோம். ஊர் மாறுகிற நாளில் நேரம் குறித்த எந்த டிக்கெட்டும் கிடையாது. இதற்கு மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவே இல்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலே ஃப்ளோரன்ஸ் போய்விடுவோம், அன்றைக்கே அகாடெமியாவை முடித்துவிட்டால் சனிக்கிழமை லேசாகும் என்று வாதாடினார். வாதம் நியாயமானதுதான். வெள்ளிக்கிழமை அக்டோபர் 3.

அக்டோபர் 2 மாலை வெனிஸில் இருந்து தங்கச்சி செய்தி அனுப்பினாள். "அண்ணா, ஹோட்டல்ல ஒரு தாளை நீட்டுறாங்க. ஷோப்பெரோன்னு எழுதியிருக்கு." வேலைநிறுத்தம். காஸாவுக்குப் போன உதவிக் கப்பல்களை இஸ்ரேல் மறித்ததைக் கண்டித்து இத்தாலியின் பெரிய தொழிற்சங்கங்கள் கடைசி நேரத்தில் நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்திருந்தன. ரயில்களுக்கு 2-ம் தேதி இரவு 9 மணியில் இருந்து 3-ம் தேதி இரவு 9 வரை. இவர்கள் ரயில் வெள்ளிக்கிழமை முற்பகல்.

இத்தாலியில் வேலைநிறுத்தம் என்றால் எல்லாமே நின்றுவிடாது. நீண்டதூர ரயில்களில் எவை கட்டாயம் ஓடும் என்று ஒரு பட்டியல் உண்டு, உள்ளூர் ரயில்களுக்கு வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 என்று காப்பு நேரம் உண்டு. பட்டியலைத் தேடினால் இவர்கள் ரயில் அதில் இல்லை, அதற்கு முந்தின ஒன்று இருந்தது. விலையைப் பார்க்காமல் அதில் இரண்டு இருக்கை போட்டுவிட்டு, பழையதற்குப் பணம் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தேன். வேலைநிறுத்தம் என்றால், மாற்ற முடியாத மலிவு டிக்கெட்டுக்கும் பணம் திரும்பும். மறுநாள் விடிகாலையில் படகுத்துறைக்கு ஓடி, ரயில் நிலையத்தில் பலகையில் வரிசையாக ரத்து ரத்து என்று சிவப்பாக ஓட, நடுவில் தங்கள் எண் மட்டும் நிற்பதைப் படம் எடுத்து அனுப்பினாள். ஒன்றரை மணி நேரம் தாமதம். ஆனால் போய்ச் சேர்ந்தார்கள். அன்று பிற்பகல் அவர்களுக்கு எந்த டிக்கெட்டும் இல்லை. மாப்பிள்ளை இரவு ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினார்.

உஃபிஸியைப் பற்றி அவள் அதிகம் சொல்லவில்லை. போட்டிசெல்லியின் வீனஸ் ஓவியத்துக்கு முன்னால் கைபேசிகளுக்கு நடுவே தலையை நுழைத்துப் பார்த்ததாகச் சொன்னாள். தாவீதைப் பற்றித்தான் பேச்சு. ஐந்து மீட்டருக்கு மேல் உயரம் என்று படித்துவிட்டுத்தான் போனாள், ஆனாலும் அந்த வலது கை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லையாம், புறங்கையில் நரம்பு புடைத்திருப்பதைக் காட்ட மட்டும் ஏழு படம் அனுப்பினாள். கொலோசியத்தில் வாசலில் இருந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கினார், மாப்பிள்ளையின் மூன்று பெயரையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், விட்டுவிட்டார்.

அன்று பிற்பகல், செவ்வாய், புனித பேதுரு சதுக்கத்தின் ஓரத்தில் வெண்கலக் கதவருகே சுவிஸ் காவலரிடம் மறுநாள் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். இதற்கு எங்கள் பங்குத்தந்தை ஆகஸ்டிலேயே கடிதம் கொடுத்து எழுதிப் போட்டிருந்தோம். சீட்டு இலவசம். இதற்கும் பணம் கேட்கிற தளங்கள் இருக்கின்றன, கொடுக்காதீர்கள். அன்று இரவு 8 மணிக்கு, அதாவது நமக்கு நள்ளிரவுக்கு அரை மணி முன்னால், போன். "அண்ணா, சேலை இருக்கு, ரவிக்கை இருக்கு, சாமியார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கு. ஊக்கு இல்ல." கல்யாணப் பட்டு தொலைந்துவிடக்கூடாது என்று கைப்பெட்டியில் அம்மா மடித்து வைத்தது, அதைச் சுற்றிப் பழைய வேட்டி, வேட்டிக்கு மேல் கற்பூரம்கூட வைத்திருக்கிறாள். ஊக்கு மட்டும் அலமாரியில் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடக்கிறது. அந்த நேரத்துக்கு ரோமில் ஊக்குக்கு எங்கே போவது? தெர்மினி ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி வங்கதேசத்துக்காரர்கள் நடத்தும் சின்னக் கடைகள் ராத்திரி வெகுநேரம் திறந்திருக்கும், அங்கே போகச் சொன்னேன். ஊக்குக்கு இத்தாலிய மொழியில் என்ன என்று தேட வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது. கடைக்காரர் தங்கச்சியைப் பார்த்தார், அவள் தோளைத் தொட்டுக் காட்டினாள், ஒரு அட்டை நிறைய எடுத்து வைத்தாராம்.

காலை ஐந்தரைக்கு எழுந்து, கைபேசியைக் கண்ணாடியில் சாய்த்து வைத்து, அம்மா இங்கிருந்து காணொளியில் ஒவ்வொரு மடிப்பாகச் சொல்லச் சொல்ல சேலை கட்டினாள். மாப்பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சதுக்கத்துப் பாதுகாப்புச் சோதனையில் அத்தனை ஊக்குக்கும் சேர்த்து இயந்திரம் கத்த, ஒரு பெண் காவலர் தனியாக அழைத்துப் போய்ப் பார்த்து, சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாராம். புதுமணத் தம்பதிகள் வரிசையில் இவளைத் தவிர மற்ற பெண்கள் வெள்ளைக் கவுன். அரக்குப் பட்டில் இவள் ஒருத்தி. உரையின் முடிவில் வழக்கம்போல இளைஞர், நோயாளிகள், புதுமணத் தம்பதிகள் என்று வாழ்த்து வந்தபோது அம்மா இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டாள். அம்மாவுக்கு அந்தச் சதுக்கம் ஏற்கெனவே பழக்கம்தான், போகாமலேயே. 2022 மே 15 அன்று எங்கள் நட்டாலத்து தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தது அங்கேதான், அன்றைக்கும் இப்படித்தான் தொலைக்காட்சி முன்னால் முழு நாளும்.

இனி என் தவறு. வியாழன் காலை 8 மணி வத்திக்கான் அருங்காட்சியகம், அதே நாள் மாலை 5 மணிக்கு போர்கேஸே காட்சியகம். போர்கேஸேயில் இரண்டு மணி நேரப் பிரிவுகளாகக் குறைந்த ஆட்களை மட்டுமே விடுவார்கள், முன்பதிவு இல்லாமல் வாய்ப்பே இல்லை, பெர்னினியின் சிற்பங்களை அதைவிட அமைதியாக எங்கேயும் பார்க்க முடியாது. அதனால் எப்படியாவது உள்ளே நுழைத்துவிட வேண்டும் என்று இருந்த ஒரே ஓட்டையில் அடைத்தேன். தாளில் நடுவே ஐந்து மணி நேரம் இடைவெளி தெரிந்தது. வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயம் வரை போவதற்குள் எத்தனை காத நடை என்று நான் கணக்கில் எடுக்கவில்லை. வெளியே வந்து, மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடந்து பேராலயத்துக்குப் போய், யூபிலி ஆண்டில் மட்டும் திறக்கிற புனிதக் கதவு வழியாக நுழையக் காத்திருந்து, எல்லாம் முடித்து அறைக்கு வரும்போது மணி மூன்று. அரை மணி படுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று படுத்தவர்கள் எழுந்தது ஏழரைக்கு. நான் இங்கே நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை கூப்பிடப் போனபோது என் மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "தேனிலவுக்குப் போயிருக்குதுகளா, எல்.டி.சி. சலுகையில ஊர் சுற்றப் போயிருக்குதுகளா?"

ஊருக்கு வந்த பிறகு மாப்பிள்ளை அந்த எக்செலிலேயே கடைசித் தாளில் டிக்கெட் கணக்கு எழுதி அனுப்பினார். போலித் தளத்தில் திரும்பாத பாதிப் பணம், போர்கேஸே முழுப் பணம், முன்பதிவில் மாற்ற முடியாமல் போனது இந்த இரண்டும்தான். ரயில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. கோண்டோலா 90 யூரோ, பகலில், பேரம் பேசாமல். அதற்கு அடியில் தங்கச்சி தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தாள்: ஊக்கு, 1 அட்டை, 2 யூரோ.